என் பெயருக்கு வந்த பார்சல்கள்

நான் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் பலாபத்வலையில் இருக்கும் எங்கள் கம்பனியின் கேட்டுக்கு என் பெயரில் பார்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம், என் கதிரையில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளை நிரோஷா போன் எடுத்தாள்.

"அக்கா, உங்க பேருக்கு ஒரு ரைஸ் குக்கர் வந்திருக்கு. யாரோடதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. புது மேனேஜர் நோட்டிஸ் ஒட்டிட்டாரு. இனிமே சொந்தப் பார்சல் ஒண்ணும் ஒபிஸுக்கு வரக்கூடாதாம். நீங்க இத்தனை வருசம் இதை எப்படித்தான் சமாளிச்சீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றேன். எழுதித் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், இதை எழுதுவதென்றால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும்தான் மிஞ்சும்.

எங்களுடையது மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கிச் சுத்தம் செய்து, பைகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என்னை டெலிபோன் ஒப்பரேட்டராக எடுத்தார்கள். சிங்களம் நன்றாகப் பேசுவேன், இங்கிலீஷ் சமாளிப்பேன், அதுதான் என் தகுதி. பத்மா என்ற மூத்த ஒப்பரேட்டர் நோனா கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினாள். மீதியை ஏச்சு வாங்கி வாங்கிப் பழகிக்கொண்டேன். பிறகு டெலிபோன் போர்டு போய் கம்பியூட்டர் வந்தது. ஒப்பரேட்டர் தனலெட்சுமி முன் கவுண்டர் தனலெட்சுமி ஆனேன். இதற்கிடையில் கல்யாணம் முடித்தேன், ஒரு மகளைப் பெற்றேன், அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் புருசனைப் பறிகொடுத்தேன். மாத்தளையில் அண்ணன் வீட்டின் பின்பக்க அறைக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தக் காலத்தில் வேலை செய்கிற இடத்துக்குத் தனிப்பட்டு வருவது கல்யாணப் பத்திரிகை மட்டும்தான். எல்லார் கையிலும் நல்ல போன் வந்த பிறகு ஆரம்பித்தது இந்த ஓடர் பைத்தியம். செருப்பு, சீப்பு, மருந்து வைக்கும் குளிசைப்பெட்டி, குழந்தைக்குத் தொட்டில், எல்லாமே போனில்தான். வீட்டுக்கு வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களின் வீடுகள் பாதி மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கின்றன. நம்பர் கிடையாது, பைக் ஏறாது. ஏறினாலும் வீட்டில் மாமியார் இருப்பாள், நாத்தனார் இருப்பாள், "இது இப்ப எதுக்கு?" என்று கேட்கப் புருசன் இருப்பான். கம்பனி பிரதான வீதியோரம் இருக்கிறது. பெரிய கேட், பெரிய போர்டு, எந்த நேரமும் ஆள். கொரியர்காரனுக்கும் சுகம், வாங்குகிறவர்களுக்கும் சுகம்.

நிர்வாக மேனேஜர் நிஸாம் சேர் ஆரம்பத்தில் கண்டும் காணாமல் இருந்தார். மாத்தளை டவுனில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பத்து மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நடந்தால் சத்தமே கேட்காத சப்பாத்து. அவருக்கும் கோபம் வரும். ஆனால் கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "அந்த ஃபைல எடுங்க" என்பவர், கோபமான நாளில் "தயவு செஞ்சு அந்த ஃபைல எடுத்துத் தர ஏலுமா தனம்?" என்பார். அந்தத் 'தயவு செஞ்சு' காதில் விழுந்தால் பெரிய பெரிய ஆட்களுக்கே வியர்த்துவிடும்.

ஒரு நாள் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிலிருந்து சோதிக்க வந்திருந்தார்கள். தரப் பிரிவில் வேலை செய்த ஒருத்தி அந்தூரியம் செடி ஒன்றை ஓடர் பண்ணியிருந்தாள். வந்த பெட்டியை நனையாமல் இருக்கட்டுமென்று மிளகு சலிக்கும் அறைக் கதவோரம் வைத்துவிட்டாள். பெட்டிக்குள் செடி மட்டும் வரவில்லை, ஒரு குடும்பம் எறும்பும் வந்திருந்தது. சோதிக்க வந்த வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முழங்காலில் உட்கார்ந்து, எறும்புகள் கதவிடுக்கால் உள்ளே போகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிஸாம் சேர் பின்னால் கைகட்டி நின்றார். அன்று பின்னேரம் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"அன்பான எல்லாரும், தயவு செஞ்சு, உங்களுக்குக் கஷ்டம் இல்லாட்டி, கென்டீனுக்குக் கொஞ்சம் வர ஏலுமா?"

எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினோம். அங்கேதான் அந்தச் சட்டம் பிறந்தது.

"இனி இந்த கேட்டுக்கு வார சொந்தச் சாமான் எல்லாம் ஒரே பேருல வரோணும். தனத்துட பேருல. அவங்கதான் கேட்டுல போய் எடுக்கோணும். வெளிப்பெட்டிய வெளியிலயே வெட்டி வீசோணும். சாமான் அவங்கட அலுமாரிலதான் இருக்கோணும். வேல முடிஞ்சு போறப்ப அவங்கவங்கட சாமான அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க. உள்ள ஒரு கடதாசி கூடப் போகப்படாது."

கூட்டம் கலைந்ததும் நான் கேட்டேன், "ஏன் சேர் என் பேரு?"

"உங்களுக்குத்தான் ஒண்டும் வாரதில்லையே தனம். உங்கட பேருல வந்தா கொழப்பம் வராது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். எனக்கு மட்டும் அது ஊசியாக ஏறிவிட்டது. கம்பனியிலேயே ஒரு பார்சலும் வராத ஒருத்தி யார் என்று தேடி, என்னைக் கண்டுபிடித்துப் பதவி தந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு வேலை இப்படித்தான். கேட்டுக்குக் கொரியர் பைக் வரும். "மிஸ், பார்சல் எகக்", ஒரு பார்சல் வந்திருக்கிறது என்று செக்கியூரிட்டி சிங்களத்தில் போன் பண்ணுவார். நான் தலைக்குக் குடையோ கைலேஞ்சியோ பிடித்துக்கொண்டு போவேன். பார்சல் மேல் என் பெயர் இருக்கும். அதற்குக் கீழே யார் ஓடர் பண்ணினார்களோ அவர்களுடைய போன் நம்பர் இருக்கும். பெயர் எல்லாருக்கும் ஒன்று, நம்பர்தான் ஆள். எல்லாருடைய நம்பரும் எனக்கு மனப்பாடம். காசு கட்டி எடுக்க வேண்டியதென்றால் காலையிலேயே என்னிடம் தந்துவிட வேண்டும். காவல் கூண்டுக்குப் பக்கத்துப் பலா மரத்தடியில் பெட்டியை வெட்டி, உதறி, பூச்சி பொட்டு இல்லையென்று பார்த்து, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து வருவேன். வேலை விடும் மணி அடித்தால் என் கவுண்டருக்கு முன்னால் வரிசை.

பெட்டியை வெட்டுகிறவள் நான் என்பதால் எல்லாருடைய ஆசையும் முதலில் என் கையில்தான் விழும். யாருக்குத் தலைமுடி கொட்டுகிறது, யாருக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் கட்டிக் கைப்பை அனுப்புகிறான், எந்தப் புருசன் பெண்டாட்டியின் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருக்கிறான் எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் என் பெயர்தான். தனலெட்சுமி, தனலெட்சுமி, தனலெட்சுமி. பார்க்கிற யாரும் இந்தத் தனலெட்சுமி ராணி மாதிரி வாழ்கிறாள் என்று நினைப்பார்கள். பின்னேரம் அலுமாரி வெறுமையானதும் என் சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நிற்பேன்.

அதிகமாக வயிறு எரிந்தது மேனகாவைப் பார்த்துத்தான். கணக்குப் பிரிவில் இருந்தாள். என்னைவிடப் பல வயது இளையவள். எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்து, டவுன் பையனைக் கட்டிக்கொண்டவள். அவளுக்கு வராத பார்சலே இல்லை. சம்பளம் வந்த கிழமை என்றால் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க அவளுடையதுதான். அவள் புருசன் அவளுடைய போனை எடுத்துக் கொரியர்காரனோடு சண்டை பிடிப்பவன் என்பதால் அவள் தன் நம்பரைக் கொடுக்க மாட்டாள். கம்பனியின் லேண்ட்லைன் நம்பரைப் போட்டுவிடுவாள். அப்படிப் போடுவது அவள் ஒருத்திதான். அதனால் என் பெயருக்குக் கீழே லேண்ட்லைன் நம்பர் இருந்தால் அது மேனகாவுடையது. யோசிக்கவே தேவையில்லை.

"இவ்வளவும் எதுக்குடி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, நாங்க லயத்துல இருந்தப்ப எங்க பேருக்கு ஒண்ணுமே வராதுக்கா. அட்ரஸ்னு ஒண்ணு இருந்தாத்தானே வரும்? கடுதாசி வந்தாக்கூட தோட்டத்து ஒபிஸுல கெடக்கும். யாராச்சும் மலைக்கு ஏறி வர்றப்ப கொண்டாந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. இப்ப மணி அடிச்சு, தேடி வந்து, கையில குடுக்குறானே, அதுக்காகவே ஓடர் பண்ணலாம்."

கேட்டதும் மனசு இளகிவிட்டது. அந்த இளக்கம் அடுத்த பார்சல் வரும்வரைதான். அதில் தோல் கைப்பை ஒன்று வந்தது. எனக்குப் பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது.

மேனகாவாவது தன் சம்பளத்தில் வாங்கினாள். எனக்கு உண்மையான நெருப்பு யட்டவத்தையில் இருந்தது. என் ஒரே மகள் சுகன்யா கல்யாணம் முடித்துப் புருசனோடு கட்டாரில் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய மாமியார் வீடு யட்டவத்தையில், டவுனில் பலசரக்குக் கடை. திருவிழாவுக்கு ஒருமுறை அங்கே போயிருந்தேன். சம்பந்தி சரோஜா என்னை உட்கார வைத்து, தேத்தண்ணீர் தருவதற்கு முன்னால், பிரஷர் பார்க்கிற மெஷினைக் காட்டினாள். பிறகு கைக்கடிகாரம். பிறகு எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற ஏதோ ஒரு சட்டி.

"எல்லாம் எங்க சுகு அனுப்பினது சம்மந்தி. வேணாம் வேணாம்னாலும் கேக்க மாட்டேங்குது புள்ள."

எங்க சுகு. பத்து மாதம் சுமந்தவள் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்க சுகுவாம். அந்தச் சட்டியைத் தூக்கி அவள் கடை வாசலில் எறிந்தால் என்ன என்று தோன்றியது. "நல்லாருக்கு சம்மந்தி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் மகள் மேல் பிழையில்லை. கடல் வழியாக வருகிற பெரிய பெட்டிகளை மருமகன் வீட்டு ஆட்கள்தான் போய் எடுப்பார்கள், அது யட்டவத்தைக்குத்தான் போய்ச் சேரும். அண்ணன் வீட்டுக்கு எது வந்தாலும் அண்ணி பிரித்து, பாதியை எடுத்துக்கொண்டுதான் தருவாள், அது சுகன்யாவுக்குத் தெரியும். போனில் அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" ஒவ்வொரு முறையும் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன். அவளும் ஒன்றும் அனுப்பவில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டாளே என்று எனக்குக் கோபம். இதெல்லாம் தாய்மார்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு விளக்க முடியாது.

யட்டவத்தைக்குப் போய் வந்த கிழமை அவள் போன் எடுத்து வழக்கம்போலக் கேட்டாள். அன்று என்னால் அடக்க முடியவில்லை.

"எனக்கு எதுக்குடி? கட்டி வச்சிருக்கிறதெல்லாம் யட்டவத்தைக்கே அனுப்பு. இப்ப அவங்கதானே உனக்கு அம்மா."

"அப்படிப் பேசாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம். சாமான் போனால் போகட்டும். பிள்ளையே அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டால் என்ன செய்வது? எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

தீபாவளிக்கு முந்தின மாதம், மழை நாள். கேட்டிலிருந்து போன் வந்தது. போனேன். தட்டையான, மெத்தென்ற ஒரு பார்சல். ஏற்கெனவே காசு கட்டியது, கையெழுத்து வைத்தால் போதும். அனுப்பிய இடத்தில் கொழும்புக் கடை ஒன்றின் பெயர். பெறுபவர் தனலெட்சுமி. கீழே லேண்ட்லைன் நம்பர்.

மழைக்குக் காவல் கூண்டுக்குள் நின்றபடி உறையை வெட்டினேன். சேலை. பழுத்த மாம்பழ நிறம், அரக்குக் கரை, உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பூ. கண்ணாடி உறைக்கு மேலாகவே தடவிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ சாமான் என் கையால் போயிருக்கிறது, ஒன்றையும் கொடுக்க மனமில்லாமல் இப்படி நின்றதில்லை. செக்கியூரிட்டி கூட, "மிஸ், உங்களுக்கு நல்லா எடுக்கும்" என்றார். "என்னுடையது இல்லை" என்று வெடுக்கென்று சொன்னேன். அவருக்கு அது தேவையில்லாத ஏச்சு.

பின்னேரம் மேனகா வந்தாள். சேலையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"நான் பச்சை இல்லக்கா கேட்டேன்? போன்ல லைவ்ல காட்டினாங்களே, கிளிப்பச்சை. காசும் முன்னாடியே போட்டுட்டேன். வேற என்னத்தையோ அனுப்பிட்டானுங்க."

"அப்ப திருப்பி அனுப்பு" என்றேன். சேலை அவளுக்குக் கிடைக்காமல் போகட்டும் என்ற ஒரே எண்ணம்தான்.

அவள் அதை விரித்து, தோளில் போட்டு, என் கவுண்டர் கண்ணாடியில் பார்த்தாள்.

"இல்லக்கா. பச்சையவிட இது எவ்வளவோ நல்லா இருக்கு. ஏதோ என் அதிர்ஷ்டம்."

போனில் விற்கிற கடைக்காரர்கள் நிறம் மாற்றி அனுப்புவது புதிதில்லை. நீலம் கேட்டவளுக்குச் சிவப்பு வந்ததையெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். அதனால் அவளும் மேலே யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவள் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அன்று மாத்தளையில் இறங்கி, துணிக்கடை துணிக்கடையாக ஏறி, அதே நிறத்தில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

தீபாவளிக்கு முந்தின வேலை நாள் மேனகா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூடவே வந்த துணியில் ஜாக்கெட்டும் தைத்திருந்தாள். கம்பனியே அவளைத் திரும்பிப் பார்த்தது. நிஸாம் சேர்கூட, "நல்லநாள் வாழ்த்துக்கள் மேனகா" என்று நின்று சொல்லிவிட்டுப் போனார். தோளில் மடிப்பு நிற்கவில்லையென்று என்னிடம்தான் ஊசி குத்த வந்தாள். குத்தினேன். "ஆ, அக்கா!" என்றாள். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. வேண்டுமென்று குத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தீபாவளியன்று காலையில் சுகன்யா போன் எடுத்தாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு, "அம்மா, இன்னைக்கு என்ன சேலை கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கு அது கேலியாகப் பட்டது.

"இருக்கிறதத்தான் கட்டியிருக்கேன். எனக்கு யாரு புதுசு எடுத்துத் தர்றா?"

"புதுசா ஒண்ணும்... கட்டலையா?"

"ஒண்ணும் இல்ல."

"சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். துள்ளல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அழைப்பது குறைந்தது. அழைத்தாலும் மழை பெய்கிறதா, பிரஷர் எப்படி, மருந்து குடித்தீர்களா என்று மூன்றாம் மனிதர் மாதிரிக் கேட்டுவிட்டு வைப்பாள். பார்த்தாயா, யட்டவத்தைக்காரி முழுசாக எடுத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். தனியாக இருக்கும்போது அழுதும் இருக்கிறேன்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த மாதக் கடைசியில் என் பிரியாவிடை. கென்டீனில் மேசைகளை ஒதுக்கிக் கேக் வைத்திருந்தார்கள். நான் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தேன். மேனகா அந்த மாம்பழச் சேலையில் வந்திருந்தாள். என் கடைசி நாளிலும் அவளைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்கு முகம் கடுகடுத்தது.

நிஸாம் சேர் சுருக்கமாக நாலு நல்ல வார்த்தை பேசினார். பிறகு மேனகா எழுந்து, "அக்காவோட மகளை வீடியோவுல கூப்பிடுவோம். அவங்களும் பாக்கட்டும்" என்றாள். என் போனை வாங்கி, அவளே அழைத்து, சத்தத்தையும் கூட்டி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள். திரையில் சுகன்யா வந்தாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆன்ட்டி, இந்தச் சேலை..."

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு." திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "அம்மா உங்களுக்குக் குடுத்தாங்களா?"

"அம்மாவா? இல்லம்மா, இது நான் ஓடர் பண்ணினது. பச்சைதான் கேட்டேன், மாத்தி இதை அனுப்பிட்டானுங்க."

"இல்ல ஆன்ட்டி. அது நான் அம்மாவுக்கு அனுப்பினது. தீபாவளிக்கு."

நான் எழுந்து போய் மேனகாவின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"எங்கடி அனுப்பின?"

"உங்க ஒபிஸுக்குத்தாம்மா. மாமா வீட்டுக்கு அனுப்பினா மாமி பிரிச்சிடுவாங்க. உங்க போன் நம்பரப் போட்டா கொரியர்காரன் முன்னாடியே உங்களுக்குச் சொல்லிடுவான். திடீர்னு கையில கெடைக்கணும்னுதான் ஒபிஸ் நம்பரப் போட்டேன்." அவள் குரல் உடைந்தது. "தீபாவளிக்குக் கேட்டேன்லம்மா. புதுசு ஒண்ணும் இல்லைன்னீங்க. என் மேல உள்ள கோவத்துல யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். இத்தனை மாசமா அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

தன் பெயர் எழுதிய பார்சலை, தன் கையாலேயே வெட்டி, தன்னுடையது இல்லை என்று எடுத்துக் கொடுத்த ஒருத்தி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இத்தனை நாளாக நான் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டது என் சேலையைத்தான். என் மகள் எனக்கென்று தேடி எடுத்த சேலையை.

நிஸாம் சேர் மெதுவாக, தனக்குள் பேசுகிற மாதிரி, "கொழப்பம் வராதுண்டு நான்தான் சொன்னேன்" என்றார்.

மேனகா முகம் வெளிறி நின்றாள். பிறகு போனை என்னிடமிருந்து பிடுங்கி, நிஸாம் சேரின் கையில் திணித்தாள். "சேர், இதப் பிடிங்க. கட் பண்ணிடாதீங்க. வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பெண்கள் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு கொசுவத்தை உருவ ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"கட்டுங்க. உங்கடத நான் கட்டிக்கிறேன்." அழுதுகொண்டே ஊசிகளைக் கழற்றினாள். "அக்கா, நான் தெரிஞ்சு எடுக்கலக்கா. பச்சைதான் கேட்டேன். அந்தப் பச்சை வரவே இல்ல."

"தெரியும்டி. நான்தானே தந்தேன்."

"நாலஞ்சு வாட்டி கட்டிட்டேன். பரவால்லையா?"

இந்த இடத்தில் பெரிய மனது பண்ணி, நீயே வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு சிலர் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். நான் என் சாம்பல் சேலையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மாம்பழச் சேலையை வாங்கிக்கொண்டேன். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. அவளே குனிந்து கொசுவம் சரி பண்ணிவிட்டாள். "மிதிக்காத, மிதிக்காத, கரை அழுக்காயிடும்" என்று அப்போதும் அவளை அதட்டினேன். ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தாள். அது அவள் அளவுக்குத் தைத்தது, எனக்குக் கையே நுழையாது. அது அவளிடமே இருக்கிறது. நல்ல துணி. நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது.

வெளியே வந்தோம். சாம்பல் ஜாக்கெட்டுக்கு மேல் மாம்பழச் சேலை கட்டிய நானும், மாம்பழ ஜாக்கெட்டுக்கு மேல் சாம்பல் சேலை கட்டிய அவளும். ஒருவரும் சிரிக்கவில்லை. நிஸாம் சேர் போனை எட்டப் பிடித்தபடி, என் மகளிடம் கட்டாரில் வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து வாங்கி, திரையை என் பக்கம் திருப்பினேன்.

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்காடி?" என்று கேட்டேன்.

"ஜாக்கெட் மேட்ச் இல்லையேம்மா."

"அதுக்கு என்ன பண்றது?"

"வேற துணி வாங்கி அனுப்புறேன். உடனே அனுப்புறேன்மா."

"அனுப்பாத" என்றேன். "ஒண்ணும் அனுப்பாத. நீயே எடுத்துக்கிட்டு வா."

நான் அன்று சொன்னபடியே அவள் லீவு கேட்டு, ஆனி மாதம் வந்தாள். விமான நிலையத்திலிருந்து யட்டவத்தைக்குப் போகவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், பெட்டியோடு, நேரே அண்ணன் வீட்டுப் பின்பக்கக் கதவைத் தட்டினாள். இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, சின்ன வயதில் படுத்த மாதிரியே என் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

பத்து மணி போல யட்டவத்தையிலிருந்து போன் வந்தது.

"சம்மந்தி, எங்க சுகு அங்கயா இருக்கா? விடியக்காலையில இருந்து சோறாக்கி வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன். முதல்ல இங்கதான் வருவான்னு நெனச்சேன்."

அவள் குரல் கம்மியிருந்தது. அந்தக் கம்மல் எனக்கு நன்றாகத் தெரியும், அதோடுதான் நான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பாவமாகக்கூட இருந்தது.

"தூங்குறா சம்மந்தி. எழும்பினதும் அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

அவள் எழும்பியது பகல் ஒரு மணிக்கு. நான் அனுப்பியது மறுநாள் பின்னேரம்.